இல்லாத பதவியைக் கேட்டுப் பெற்றவர்

அரசுப் பணியில் பெண்கள் என்று பேசத் தொடங்கினால், திறந்த கதவின் வழியே முதலில் நுழைந்தவர் யார் என்றே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். கதவே இல்லாத சுவரின் முன்னே நின்று, இங்கே ஒரு வாயில் வேண்டும் என்று வாதாடிப் பெற்றவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. அத்தகையோருள் தலையாயவர் கார்னீலியா சொராப்ஜி அம்மையார். சட்டம் பயின்ற முன்னோடிப் பெண்மணி என்று பலரும் அறிந்த அவரை, அரசுப் பணியாளர் என்ற நிலையில் நினைவுகூர்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1866ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நாசிக்கில் அம்மையார் பிறந்தார். தந்தையார் பார்சி சமயத்திலிருந்து கிறித்துவம் தழுவியவர். தாயார் பிரான்சினா பூனாவில் பள்ளிகள் நிறுவி நடத்தியவர். டெக்கான் கல்லூரியில் பயின்ற கார்னீலியா, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார். இறுதித் தேர்வில் அவர் எய்திய சிறப்பு, இங்கிலாந்து சென்று படிப்பதற்கான அரசு உதவித்தொகையைப் பெற்றுத் தந்திருக்க வேண்டும். பெண் என்ற ஒரே காரணத்தால் அது மறுக்கப்பட்டது. அதன்பின் அவர் அகமதாபாத்தில் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்தார். ஆண்களுக்குக் கற்பிக்கும் தகுதி அவருக்கு இருந்தது; ஆண்களுக்குரிய உதவித்தொகையைப் பெறும் தகுதிதான் இல்லாமற் போயிற்று!

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் உள்ளிட்ட அன்பர்கள் நிதி திரட்டி உதவ, 1889இல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். 1892இல் உயர்நிலைச் சட்டத் தேர்வை எழுதித் தேறினார். அங்கே அத்தேர்வை எழுதிய முதல் பெண்மணி அவரே. எனினும் அந்நாளில் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1922இல்தான் அப்பட்டம் அவர் கைக்கு வந்தது.

1894இல் தாயகம் திரும்பியவர் கண்ட காட்சி வேறு. கோஷா என்னும் சொல்லைத் திருவல்லிக்கேணி மருத்துவமனையின் பழம்பெயரால் நாம் அறிவோம். அந்தத் திரைக்குப் பின்னே வாழ்ந்த ஜமீன்தார் குடும்பத்து விதவைகள் பெருஞ்சொத்துக்கு உரியவர்களாக இருந்தும், தம் உரிமை இன்னதென்று அறியாதிருந்தனர். அயல் ஆடவரோடு பேசுவது அவர்களுக்கு வழக்கமன்று; வழக்கறிஞர்களோ அனைவரும் ஆடவர். நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் திவானோ உறவினரோ சொன்னால்தான் உண்டு. ஏமாற்றுவதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அப்பெண்டிருக்காகக் கத்தியவார், இந்தோர்ப் பகுதி ஆங்கிலேய ஏஜெண்டுகளிடம் மனு அளிக்க அம்மையாருக்குத் தனி அனுமதி கிடைத்தது. ஆனால் நீதிமன்றத்தில் வழக்காட இயலவில்லை. 1897இல் பம்பாயில் சட்டப் பட்டமும் பெற்றார். 1899இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் தேறினார். தேர்வுகள் ஒவ்வொன்றாகக் கடந்தனவே ஒழிய, வாயில் திறக்கவில்லை.

அப்போதுதான் அவர் வேறு வழியை நாடினார். வாரிசு சிறுவயதினராகவோ, சொத்துக்குரியவர் பெண்ணாகவோ இருந்தால், அந்த ஜமீனை அரசே ஏற்று நிருவகிக்கும் அமைப்பாகக் கோர்ட் ஆப் வார்ட்ஸ் விளங்கியது. அதன் அதிகாரிகளும் ஆடவரே. தாம் யாருடைய நலனைக் காக்கக் கடமைப்பட்டவர்களோ, அப்பெண்களின் குரலை அவர்களால் நேரில் கேட்க முடியவில்லை. ஆகவே திரையைக் கடந்து செல்லக்கூடிய சட்டம் அறிந்த பெண் ஒருவர் அரசுக்கே தேவை என்று, 1902 முதல் இலண்டனிலிருந்த இந்தியா ஆபீசிடம் அவர் வலியுறுத்தி வந்தார். 1904இல் வங்காளக் கோர்ட் ஆப் வார்ட்சில் பெண் உதவியாளர் என்ற பதவி உருவாகி, அவருக்கே அளிக்கப்பட்டது. 1907க்குள் வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் ஆகிய பகுதிகளுக்கும் அவர் பணி விரிந்தது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 600க்கும் மேற்பட்ட பெண்களும் அநாதைக் குழந்தைகளும் அவரால் பயன் பெற்றனர் என்பர். விதவையின் சொத்துரிமையையும், சிறுவர்தம் கல்வியையும் காப்பதற்கு அவர் ஊர் ஊராகச் சென்றார். செய்ததோ வழக்கறிஞரின் பணி. பெற்ற பெயரோ உதவியாளர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பெண்ணால் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்ற வாதமே அவருக்குப் பதவியைத் தந்தது. பெண்களை அடைத்து வைத்த அதே சுவர்தான், படித்த பெண் ஒருவருக்கு அரசு அலுவலகத்தின் வாயிலானது. அவ்வாதத்தில் வலிமையும் உண்டு. ஓர் எல்லையும் உண்டு. அந்தப்புரத்துக்குள் செல்ல அவரை அனுப்பிய அரசு, நீதிமன்றத்துக்குள் செல்ல அவரை அழைக்கவில்லை. ஆசிரியை, செவிலி, மகளிர் மருத்துவர் என்று பெண்களுக்கெனத் தனியே வகுக்கப்பட்ட பணிகள் பலவற்றிலும் இந்த இரட்டைத் தன்மையைக் காணலாம்.

1916இல் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1921இல் பாட்னா உயர்நீதிமன்றமும் பெண்களை வழக்கறிஞராகப் பதிய மறுத்தன. 1921இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அம்மையாரைப் பதிவு செய்தது. பால் வேற்றுமை இத்தொழிலுக்குத் தடையன்று என்ற சட்டம் 1923இல் பிறந்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் தொழில் தொடங்கியபோது அம்மையாருக்கு வயது ஐம்பத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தது. சட்டம் மாறிற்று; மனங்கள் மாறவில்லை. பெரும்பாலும் எழுத்து வடிவில் கருத்துரை வழங்குவதோடு அவர் நிற்க நேர்ந்தது. 1929இல் ஓய்வு பெற்று இலண்டனில் குடியேறினார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. ஆங்கில ஆட்சியை ஆதரித்தார். காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தார். கேத்தரின் மேயோ 1927இல் இந்தியாவைப் பழித்து எழுதிய நூலுக்கு ஆதரவு காட்டியதால் நண்பர் பலரை இழந்தார். விடுதலைப் போரின் வரலாற்றில் அவருக்கு இடம் குறைந்ததற்கு இதுவும் காரணம். ஆயினும் ஒருவரின் அரசியலோடு உடன்படாமலே அவர் உழைப்பை மதிக்க நம்மால் இயலும்.

அம்மையார் எழுத்தாளரும் ஆவார். அந்தப்புர வாழ்வைச் சொல்லும் கதைகளை 1901இலும், தன்வரலாற்றை 1934இலும் நூலாக்கினார். திரைக்குள் கேட்ட குரல்களுக்கு மனுவில் இடம் தந்தவர், கதையிலும் இடம் தந்தார். 1954ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். அவர் உறுப்பினராயிருந்த லிங்கன்ஸ் இன் சட்ட மன்றத்தில் 2012இல் அவருடைய மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது.

பெயர்களை ஆள்பவர்கள் கவிஞர்கள். உதவியாளர் என்ற சிறு சொல்லுக்குள் இருபதாண்டு வழக்கறிஞர் பணி ஒன்று மறைந்திருந்ததை அவர்களே நன்கு உணர்வார்கள். இன்றும் ஏதேனும் அரசு அலுவலகத்தில், செய்யும் பணிக்கு உரிய பெயரின்றி ஒரு பெண் அமர்ந்திருக்கக் கூடும். அவருக்கு உரிய சொல்லைத் தேடித் தருவது எழுதுகோல் பிடித்தோரின் கடன்.