தரங்கம்பாடியில் பிறந்த இளவரசி

காரைக்காலுக்கு வடக்கே, டேனியர் ஆண்ட தரங்கம்பாடியில் 1762-இல் பிறந்தவர் காதரின் வொர்லே. காரைக்காலும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாகியிருந்த காலம்; பிரெஞ்சுக் குழந்தையொன்று டேனியர் மண்ணில் பிறந்ததில் வியப்பில்லை.

பதினைந்து நிரம்புமுன்னரே, 1777-இல், கம்பெனி அதிகாரி கிராண்டுக்கு மனைவியானார். மறு ஆண்டு டிசம்பரில் ஓரிரவு, ஆளுநர் மன்ற உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ் அவ்வீட்டில் ஏணி வைத்தேறிப் பிடிபட்டார். கல்கத்தா உச்ச நீதிமன்றம் 1779-இல் கணவருக்கு 50,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. கணவருக்குப் பணம் கிட்டிற்று. மனைவிக்கோ பழி மட்டுமே.

பின்னர் பாரிசில் அவரைக் காதலித்தவர் தாலிராண்: முன்னாள் ஆயர், பெண்பித்தர் எனப் பெயரெடுத்தவர், வெளியுறவு அமைச்சர். நெப்போலியனின் வற்புறுத்தலால் 1802-இல் மணம் நிகழ்ந்தது. ரோமாபுரி அதை ஏற்கவில்லை. 1806-இல் கணவர் பெனவெந்தோ இளவரசராக, தரங்கம்பாடிப் பெண் இளவரசியானார். ஆனால் 1815-க்குப்பின் பிரிந்தே வாழ்ந்து, 1834-இல் மறைந்தார். தாலிராண் திருச்சபையோடு ஒப்புரவானது 1838-இல், மரணப் படுக்கையில்.