லூயிசா டுவைனிங்

லூயிசா டுவைனிங் (நவம்பர் 16, 1820 – செப்டம்பர் 25, 1912) இங்கிலாந்தைச் சேர்ந்த சமூக சீர்திருத்தவாதியும் எழுத்தாளரும் ஆவார். முதியோர், நோயாளிகள், அனாதைகள் ஆகியோர் அடைக்கலம் புகுந்த ஏழையர் விடுதிகளை வெளியார் தவறாமல் சென்று பார்வையிட வேண்டும் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பாடுபட்டவர். 1858 ஆம் ஆண்டில் ஏழையர் விடுதி பார்வையாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். முதியோர் இல்லங்களின் தரத்தையும் பாதுகாப்பையும் ஆய்வு செய்யும் முறையின் முன்னோடிகளுள் ஒருவராக இவரைக் கருதலாம்.

பிறப்பும் இளமையும்

லூயிசா இலண்டனில் ஸ்ட்ராண்ட் பகுதியிலுள்ள நார்போக் தெருவில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் டுவைனிங் தேயிலை வணிகர். 1706 ஆம் ஆண்டில் தாமசு டுவைனிங் என்பவர் ஸ்ட்ராண்டில் தொடங்கிய கடையே பின்னர் புகழ்பெற்ற டுவைனிங்ஸ் தேயிலை நிறுவனமாக வளர்ந்தது. தாவரங்களை வரைவதில் பெயர்பெற்ற ஓவியரான எலிசபெத் டுவைனிங் இவருடைய தமக்கை ஆவார்.

லூயிசா இளமையில் கலை வரலாற்றில் நாட்டம் கொண்டிருந்தார். இவரது முதல் நூல் 1852 இல் வெளிவந்தது. அது கிறித்தவக் கலையில் இடம்பெறும் சின்னங்களைப் பற்றியது. இவர் திருமணம் செய்து கொள்ளவில்லை.

ஏழையர் விடுதிகளின் பின்னணி

1834 ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்தின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் ஊர்கள் ஒன்றியங்களாக இணைக்கப்பட்டன. இவை 600-க்கும் மேற்பட்டவை. ஒவ்வோர் ஒன்றியத்திலும் வொர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழையர் விடுதி ஒன்று இருந்தது. வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்ட காப்பாளர் குழு அதனை நிர்வகித்தது. உடல் வலிமை உள்ளவர்கள் உதவியை நாடாமல் தடுப்பதே இச்சட்டத்தின் முதன்மை நோக்கம். எனவே விடுதி வாழ்க்கை, வெளியில் கூலி வேலை செய்து வாழும் மிக ஏழையான தொழிலாளியின் வாழ்க்கையை விடவும் விரும்பத்தகாததாக இருக்க வேண்டும் என்பது கொள்கையாக இருந்தது.

நடைமுறையில் விடுதிகளில் பெருமளவில் தங்கியிருந்தவர்கள் உடல் வலிமை உள்ளவர்கள் அல்லர். போக்கிடம் இல்லாத முதியோர், தீராத நோயுடையோர், குழந்தைகள் ஆகியோரே அங்கு மிகுந்திருந்தனர். சோம்பேறிகளை அச்சுறுத்த வகுக்கப்பட்ட விதிகள் படுக்கையில் கிடந்த முதியோர் மீதும் செலுத்தப்பட்டன. ஆண்களும் பெண்களும் தனித்தனியே வைக்கப்பட்டனர். 60 வயதைக் கடந்த கணவன் மனைவியரைப் பிரிக்கக் கூடாது என 1847 ஆம் ஆண்டின் சட்டம் கூறிய போதிலும், அதற்கான தனி அறைகள் பல விடுதிகளில் இல்லை.

அக்காலத்தில் ஆய்வு முறை இல்லாமல் இல்லை. காப்பாளர்களுள் சிலரைக் கொண்ட பார்வைக் குழு வாரம் ஒரு முறை விடுதியைச் சுற்றிப் பார்த்து, அச்சிட்ட வினாக்களுக்குப் பதிவேட்டில் விடை எழுத வேண்டும். நடுவண் அமைப்பான ஏழையர் சட்ட வாரியத்தின் ஆய்வாளர்களும் அவ்வப்போது வந்து சென்றனர். ஆனால் செலவைக் குறைக்கும் பொறுப்புடைய காப்பாளர்களே விடுதியின் தரத்தையும் மதிப்பிட்டனர். வாரியத்தின் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் பரந்த நிலப்பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. மருத்துவம் அறிந்த அலுவலர் ஒருவர் 1860-களின் நடுப்பகுதி வரை வாரியத்தில் நியமிக்கப்படவில்லை. காப்பாளர்கள், ஆய்வாளர்கள் அனைவரும் ஆண்களே.

முதல் வருகை

1853 ஆம் ஆண்டில் லூயிசா, தமக்கு முன்பே அறிமுகமான ஒரு மூதாட்டியைக் காண ஸ்ட்ராண்ட் ஒன்றியத்தின் ஏழையர் விடுதிக்குச் சென்றார். இவ்விடுதி கிளீவ்லாந்து தெருவில் இருந்தது. அங்கிருந்த முதியோரைப் பார்க்க உறவினர் எவரும் வருவதில்லை என்பதையும், அவர்கள் நிலையைப் பற்றி வெளியுலகம் ஏதும் அறியாதிருந்தது என்பதையும் அவர் கண்டார்.

பெண்கள் சிலர் ஒழுங்காக வந்து விடுதியில் உள்ளோரைச் சந்திக்க அனுமதி வேண்டும் என்று காப்பாளர் குழுவிடமும் பின்னர் வாரியத்திடமும் கேட்டார். ஊதியம் பெறாத தன்னார்வலர்களின் பணிக்கு விதிகளில் இடமில்லை என்று கூறித் தொடக்கத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. லூயிசா மனம் தளரவில்லை. பிற விடுதிகளுக்கும் சென்று பார்த்தார், நாளிதழ்களுக்குக் கடிதங்கள் எழுதினார், சிறு நூல்கள் வெளியிட்டார்.

ஏழையர் விடுதி பார்வையாளர் சங்கம்

1858 இல் சமூக அறிவியல் மேம்பாட்டுக்கான தேசியச் சங்கத்தின் ஆதரவில் ஏழையர் விடுதி பார்வையாளர் சங்கம் அமைக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் கூப்பர் இதன் தலைவராகவும், லூயிசா செயலாளராகவும் இருந்தனர். 1859 முதல் 1865 வரை சங்கம் ஓர் இதழையும் வெளியிட்டது. பல ஊர்களின் விடுதி நிலவரங்கள் அதில் அச்சாயின.

சங்கத்தின் உறுப்பினர்கள் நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்பது விதி. நோயாளிகளுக்கு ஆறுதல் கூறுவதும், குழந்தைகளுக்குக் கற்பிப்பதும், முதியோருடன் உரையாடுவதுமே அவர்களின் பணி. எனினும் ஒரே படுக்கையருகே மீண்டும் மீண்டும் சென்று அமர்ந்த பெண்கள், எப்போதேனும் வந்து போகும் ஆய்வாளர்கள் காணாத குறைகளைக் கண்டனர். படுக்கை விரிப்பு மாற்றப்பட்டதா, இரவில் அழைத்தால் யாரேனும் வருகிறார்களா, மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவு நோயாளியின் வாய்க்குச் சென்றதா போன்றவை கணக்குப் புத்தகத்தைப் பார்த்து அறியக் கூடியவை அல்ல.

1861 இல் ஏழையர் நிவாரணம் பற்றி ஆராய்ந்த நாடாளுமன்றத் தேர்வுக் குழுவின் முன் லூயிசா சாட்சியம் அளித்தார். அதே ஆண்டில், விடுதிகளில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்காக நியூ ஆர்மண்ட் தெருவில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. 1866 இல் வலிப்பு நோயும் குணமாகாத நோய்களும் உடைய பெண்களுக்காக குயின் சதுக்கத்தில் மற்றோர் இல்லத்தைத் தொடங்கினார்.

செவிலியர் பணிச் சீர்திருத்தம்

விடுதிகளின் பெருங்குறை செவிலியர் இன்மையே என்பது லூயிசாவின் முடிவு. 1850-களின் ஒரு கணக்கின்படி இலண்டன் விடுதிகளில் ஊதியம் பெற்ற செவிலியர் சுமார் 70 பேர் மட்டுமே. விடுதியில் தங்கியிருந்த ஏழைப் பெண்கள் சுமார் 500 பேர் செவிலியராகப் பயன்படுத்தப்பட்டனர். இவர்களுள் பாதிப்பேர் 50 வயதையும், கால்பங்கினர் 60 வயதையும் கடந்தவர்கள். பயிற்சியற்ற முதியோர், தம்மினும் தளர்ந்த முதியோரைக் கவனித்தனர். மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரியாதோரும் இவர்களுள் இருந்தனர்.

1864 டிசம்பரில் ஹோல்பர்ன் விடுதியில் இருந்த டிமத்தி டேலி என்ற தொழிலாளி, கவனிப்பின்றிப் படுக்கைப் புண் முற்றிய நிலையில் இறந்தார். இச்செய்தி நாளிதழ்களில் வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 1865 இல் தி லான்செட் மருத்துவ இதழ் தானே ஓர் ஆய்வுக் குழுவை நியமித்து இலண்டன் விடுதிகளின் மருத்துவப் பகுதிகளைப் பார்வையிட்டு அறிக்கைகள் வெளியிட்டது. ஸ்ட்ராண்ட் விடுதியின் மருத்துவரான ஜோசப் ரோஜர்சும் சீர்திருத்தத்திற்காகப் போராடினார். இவற்றின் விளைவாக 1867 இல் பெருநகர ஏழையர் சட்டம் நிறைவேறியது. நோயாளிகளுக்குத் தனி மருத்துவமனைகள் அமைக்க இச்சட்டம் வழிவகுத்தது.

லிவர்பூலில் 1865 இல் ஆக்னஸ் ஜோன்ஸ் தலைமையில் பயிற்சி பெற்ற செவிலியர் முதன்முறையாக ஏழையர் விடுதி மருத்துவமனையில் பணியாற்றினர். இம்முறையைப் பிற ஊர்களுக்கும் பரப்பும் பொருட்டு 1879 இல் லூயிசாவும் பிறரும் ஏழையர் விடுதி மருத்துவமனைச் செவிலியர் சங்கத்தை நிறுவினர். செவிலியரைப் பயிற்றுவித்து விடுதிகளுக்கு அனுப்புவது இதன் பணி. 1897 இல் அரசு ஆணை ஒன்று, விடுதிவாசிகளை நோயாளிகளின் செவிலியராக அமர்த்துவதைத் தடை செய்தது.

காப்பாளராக

பார்வையிடுபவர் குறையைக் காணலாம், ஆனால் அதனை நீக்க ஆணையிட முடியாது. பார்வையாளர் சங்கத்தின் பட்டறிவு இதனைத் தெளிவாக்கியது. எனவே பெண்கள் ஆய்வாளர்களாகவும் காப்பாளர்களாகவும் வர வேண்டும் என்று லூயிசா வலியுறுத்தினார். 1873 இல் ஜேன் நாசோ சீனியர் ஏழையர் சட்டத் துறையின் முதல் பெண் ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். 1875 இல் மார்த்தா மெரிங்டன் கென்சிங்டனில் முதல் பெண் காப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களைக் காப்பாளர்களாகத் தேர்ந்தெடுக்கச் செய்வதற்கான சங்கம் 1881 இல் உருவானபோது லூயிசா அதில் முக்கியப் பங்காற்றினார்.

இவர் 1884 முதல் 1890 வரை கென்சிங்டனிலும், 1893 முதல் 1896 வரை டன்பிரிட்ஜ் ஒன்றியத்திலும் காப்பாளராகப் பணியாற்றினார். 1893 இல் பெண்கள் பார்வைக் குழுக்களை நியமிக்கக் காப்பாளர்களுக்கு அரசு முறைப்படி அதிகாரம் அளித்தது. லூயிசா முதன்முதலில் அனுமதி கேட்டு நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1894 ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாளர் பதவிக்கான சொத்துத் தகுதியை நீக்கியது. அதன் பின் பெண் காப்பாளர்களின் எண்ணிக்கை பல நூறாக உயர்ந்தது.

கருத்துகள்

லூயிசா ஏழையர் சட்டத்தின் அடிப்படையை எதிர்த்தவர் அல்லர். விடுதிக்கு வெளியே வீடுகளில் வாழும் ஏழைகளுக்குப் பண உதவி அளிப்பதை அவர் ஏற்கவில்லை. உடல் வலிமை உள்ளவர்களிடம் கண்டிப்பு வேண்டும் என்றே கருதினார். முதுமையும் நோயும் குற்றமல்ல என்பதால், முதியோரையும் நோயாளிகளையும் அக்கண்டிப்பிலிருந்து விலக்கி நல்ல முறையில் பராமரிக்க வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. முதியோர் விடுதிக்கே வராமல் தம் வீட்டில் வாழ உதவும் வழிகளை அவர் போதிய அளவு கருதவில்லை என்பது இதன் குறையாகும். 1909 சனவரி 1 முதல் 70 வயதைக் கடந்த ஏழை முதியோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை அரசு ஓய்வூதியம் வழங்கப்பட்டபோது அவர் உயிருடன் இருந்தார்.

மறைவும் தாக்கமும்

லூயிசா டுவைனிங் 1912 செப்டம்பர் 25 இல் தமது 91 ஆம் வயதில் இலண்டனில் காலமானார். 1930 இல் ஏழையர் விடுதிகள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்புக்கு மாறின. 1948 ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்தை ஒழித்தது, தனியார் முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் விதித்தது. எனினும் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 173 இல்லங்களுக்கு நேரில் சென்று 1962 இல் வெளியிட்ட ஆய்வு, பழைய விடுதிக் கட்டடங்கள் பலவற்றில் முதியோர் இன்னும் வாழ்ந்து வந்ததைக் காட்டியது.

இங்கிலாந்தில் 2009 முதல் செயல்படும் பராமரிப்புத் தர ஆணையம் முதியோர் இல்லங்களை ஆய்வு செய்து தர மதிப்பீடு வழங்குகிறது. இல்லம் பாதுகாப்பானதா என்பதோடு, அங்குள்ளோர் பரிவுடன் நடத்தப்படுகிறார்களா என்பதும் அதன் முதன்மை வினாக்களுள் ஒன்று. பராமரிப்பு பெற்ற அனுபவமுள்ள பொதுமக்களும் ஆய்வில் பங்கேற்று இல்லவாசிகளுடன் உரையாடுகின்றனர். வெளியார் ஒருவர் முதியவரின் அருகில் அமர்ந்து கேட்டறிய வேண்டும் என்ற லூயிசாவின் கோரிக்கையுடன் இது ஒத்துள்ளது.

எழுதிய நூல்கள்

- தொடக்ககால, இடைக்காலக் கிறித்தவக் கலையின் சின்னங்கள் (1852)
- ஏழையர் விடுதிகளும் பெண்களின் பணியும் (1858)
- ஏழையர் விடுதிகளைப் பார்வையிட்டதும் நிர்வகித்ததும் குறித்த நினைவுகள் (1880)
- வாழ்வும் பணியும்: நினைவுகள் (1893)
- ஏழையர் விடுதிகளும் வறுமையும் (1898)