தோற்ற அதே மைதானத்தில் 14 ஆண்டு கழித்துக் கோப்பை... யார் இந்த ரீனஸ் மிஹெல்ஸ்?

இன்றைக்கு எந்தப் பெரிய கால்பந்து மேட்சைப் போட்டாலும் ஒரு காட்சி கண்ணில் படும். பந்தைப் பறிகொடுத்த அணி தன் கோல் பக்கம் பின்வாங்காது. அடுத்த நொடியே இரண்டு, மூன்று பேர் முன்னால் பாய்ந்து எதிரணி வீரரை மடக்குவார்கள். இதுதான் ஹை பிரஸ்ஸிங்.

1960களில் சோவியத் பயிற்சியாளர் விக்டர் மாஸ்லோவ் டைனமோ கீவ் அணியில் இந்த உத்தியைக் கையாண்டார். ஆனால் உலகக் கோப்பையில் கோடிக்கணக்கானோரை வாய்பிளக்க வைத்தது, நெதர்லாந்தின் ரீனஸ் மிஹெல்ஸ் உருவாக்கிய அணி.

கீழே கிடந்த அயாக்ஸ்

1928ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர் மிஹெல்ஸ். அயாக்ஸ் கிளப்புக்காக முதல் மேட்சிலேயே 5 கோல் அடித்தவர். முதுகு வலியால் 1958ல் ஆட்டத்தை விட்டார். உடற்பயிற்சி ஆசிரியர் வேலை, சின்ன கிளப்களில் கோச்சிங் என்று நாட்கள் போயின.

1965 ஜனவரியில் அயாக்ஸ் அவரை அழைத்தபோது, அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்தில் இருந்தது. கடும் பயிற்சி, கறாரான ஒழுங்கு. அடுத்த சீசனிலேயே அயாக்ஸ் சாம்பியன்! 1966 டிசம்பரில், பனிமூட்டத்தில் மைதானமே சரியாகத் தெரியாத ஒரு இரவில், லிவர்பூலை 5-1 என நொறுக்கியது. 1971ல் ஐரோப்பியக் கோப்பையும் வந்தது.

அப்படி என்ன திட்டம்?

பார்முலா 4-3-3. ஆனால் யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. பின்கள வீரர் தாக்கப் போனால், அவர் இடத்தை இன்னொருவர் நிரப்புவார். இதற்குப் பெயர்தான் டோட்டல் ஃபுட்பால்.

பந்து போய்விட்டால்? பின்கள வீரர்கள் நடுக்கோடு வரை ஏறி வருவார்கள். எதிரணி விளையாடும் இடம் சுருங்கிவிடும். தாண்டி ஓடினால் ஆஃப்சைடு. பின்னால் காலியாகும் இடத்தை, கோல்கீப்பரே பெட்டியை விட்டு வெளியே வந்து காலால் காப்பார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒருத்தர் நின்றாலும் அங்கே ஓட்டை விழும்.

1974: கைக்கு எட்டியது...

பார்சிலோனா கோச்சாக இருந்துகொண்டே, 1974 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து அணியையும் மிஹெல்ஸ் ஏற்றார். கேப்டன், அவர் வளர்த்த யோஹான் கிரைஃப். முதல் மேட்சில் உருகுவே வீரர்களுக்கு மூச்சுவிடவே நேரம் கிடைக்கவில்லை. பிறகு அர்ஜென்டினாவுக்கு 4 கோல், நடப்புச் சாம்பியன் பிரேசிலுக்கு 2 கோல்.

ஜூலை 7, மியூனிக். இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனி வீரர் ஒருவர்கூடப் பந்தைத் தொடும் முன்பே நெதர்லாந்துக்குப் பெனால்டி, கோல்!

அதற்கப்புறம்தான் சறுக்கல். இரண்டாவது கோலைத் துரத்தாமல், பந்தைத் தங்களுக்குள்ளேயே சுற்றவிட்டார்கள். ஜெர்மனி பாதி நேரத்துக்குள் 2 கோல் திருப்பியது. 2-1. கோப்பை போச்சு. உலகமே கொண்டாடிய அணி வெறுங்கையோடு ஊர் திரும்பியது.

1988: அதே மியூனிக்

14 ஆண்டுகள் கழித்து யூரோ கோப்பை. 60 வயது மிஹெல்ஸ் மறுபடியும் நெதர்லாந்து கோச். முதல் மேட்சிலேயே சோவியத் யூனியனிடம் 0-1 தோல்வி. ஆனாலும் அணி எழுந்தது. அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியை அதன் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தியது.

ஜூன் 25, இறுதிப் போட்டி. மைதானம், 1974ல் தோற்ற அதே மியூனிக் ஒலிம்பிக் மைதானம். எதிரே, வலேரி லோபனோவ்ஸ்கியின் சோவியத் அணி. அதுவும் பிரஸ்ஸிங்கில் கில்லாடி. இந்த முறை ஒரு கோலோடு நெதர்லாந்து நிற்கவில்லை. ரூட் குல்லிட் தலையால் ஒன்று, மார்கோ வான் பாஸ்டன் பந்து தரையில் விழும் முன்பே உதைத்து ஒன்று. 2-0!

நெதர்லாந்து ஆண்கள் அணி வென்ற ஒரே பெரிய கோப்பை அதுதான்.

1999ல் ஃபிஃபா அவரை நூற்றாண்டின் சிறந்த பயிற்சியாளராக அறிவித்தது. 2005 மார்ச் 3ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின், 77 வயதில் பெல்ஜியத்தில் மறைந்தார்.

கிரைஃப் பின்னாளில் பார்சிலோனா கோச்சானார். அவரிடம் ஆடிய பெப் குவார்டியோலா இந்த ஆட்டத்தை இன்றைய தலைமுறைக்குக் கொண்டுவந்தார். அடுத்த முறை பந்தை இழந்த அணி முன்னோக்கிப் பாய்வதைப் பார்த்தால், அதன் வேர் அந்தப் பழைய ஆம்ஸ்டர்டாம் வாத்தியாரிடம் இருக்கிறது.