பயிற்றுநர் ரஹீம்

வீரமுனைப் பிள்ளைகளும் சம்மாந்துறைப் பிள்ளைகளும் ஒரே அணியில் உதைபந்தாடக் காண விரும்பும் நாம், ஐதராபாத்தின் சையது அப்துல் ரஹீமை நினைவுகூர்வது பொருத்தமே.

உஸ்மானியாப் பல்கலைக்கழக அணியில் ஆடியவர், பாடசாலை ஆசிரியர். 1950 முதல் இந்திய அணியின் பயிற்றுநர். 1951இல் ஆசியத் தங்கம். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடம்.

1962இல் நோயுற்ற உடலுடனேயே ஜகார்த்தாவுக்கு அணியை அழைத்துச் சென்றார். பின்கள வீரர் ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றார். வேறொருவராயின் அவரை ஓய்வெடுக்க விட்டிருப்பார். ரஹீமோ முன்களத்தில் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது பி.கே. பானர்ஜி ஒரு கோலும், அந்தச் சீக்கியர் மற்றையதும் அடித்தனர். கோல் காத்தவர் பீற்றர் தங்கராஜ். இவர்கள் அனைவரையும் ஓரணியாக்கியவர் ஒரு முஸ்லிம் ஆசிரியர்.

அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் திகதி புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.