சாய்வை அளந்த ஜோன் கால்டிகொட்

திசைகாட்டியின் ஊசி வடக்கைக் காட்டும் என்பதை நாம் அறிவோம். அவ்வூசியையே மேலும் கீழும் அசையுமாறு பொருத்தினால், புவியின் காந்தப்புலம் கிடைத்தளத்துடன் அமைக்கும் கோணத்தைக் காட்டும். இதுவே காந்தச் சாய்வு. காந்த முனைவுகளில் அது 90 பாகை. காந்த மத்தியகோட்டில் 0 பாகை. அக்கோட்டைத் தேடித் தென்னிந்தியாவில் அளவீடு செய்தவர்களுள் ஒருவர் ஜோன் கால்டிகொட்.

ஆங்கிலேயரான இவர் திருவிதாங்கூர் அரசின் வர்த்தக முகவராக ஆலப்புழையில் பணியாற்றியவர். வானியலில் இவருக்கிருந்த ஆர்வத்தை மன்னர் சுவாதித் திருநாள் மதித்தார். திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையமொன்றை நிறுவி, இவரையே பணிப்பாளராக நியமித்தார். 1837இல் அந்நிலையம் இயங்கத் தொடங்கியது. சென்னை வானாய்வு நிலையத்தின் தோமஸ் டெய்லருடன் சேர்ந்து, இவர் தென்னிந்தியாவின் பல இடங்களில் காந்தச் சாய்வை அளந்தார்.

சாய்வை அளப்பது எளிதன்று. கருவியின் தளம் காந்த வடக்கு தெற்காக அமையாவிட்டால், ஊசி உண்மையைவிடப் பெரிய கோணத்தைக் காட்டும். எனவே முதலில் ஊசி நிலைக்குத்தாக நிற்கும்வரை கருவியைத் திருப்புவர். பின்னர் அங்கிருந்து 90 பாகை திருப்பினால் சரியான தளம் கிடைக்கும். ஊசியின் பாரம் அச்சின் நடுவில் அமையாவிட்டாலும் வழு நேரும். ஆகவே கருவியை முன்பின்னாகத் திருப்பியும், ஊசியின் முனைவுகளை மாற்றிக் காந்தமேற்றியும் மீண்டும் மீண்டும் அளந்து சராசரி காண்பர். காந்த மத்தியகோட்டருகே 1 பாகை வழு, அக்கோட்டை ஏறத்தாழ 55 கிலோமீற்றர் இடம்பெயர்த்துவிடும்!

1838இல் கால்டிகொட் கருவிகள் வாங்க ஐரோப்பா சென்றார். உலகின் பல பாகங்களிலும் காந்த நிலையங்கள் எழுந்த காலம் அது. 1841இல் திருவனந்தபுரத்திலும் ஒன்று அமைந்தது. காந்த மத்தியகோட்டுக்கு அண்மையில் இருந்ததே அதன் தனிச்சிறப்பு. 1849இல் கால்டிகொட் காலமானார். அவருக்குப் பின் 1852இல் பொறுப்பேற்ற ஜோன் அலன் புரூன், அகத்தியர் மலையுச்சியிலும் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார்.

நமது இலங்கையும் காந்த மத்தியகோட்டை அண்டியதே. கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையில் சாய்வூசியைத் தொங்கவிட்டாலும் அது ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். ஆனால் கண்ணுக்குக் கிடையாகத் தெரிவது வேறு, 0 பாகை என்று உறுதிசெய்வது வேறு. மாணவிகளே, ஆய்வுகூடத்தில் முதல் வாசிப்போடு நின்றுவிடாதீர்கள். கருவியைத் திருப்பி இன்னொரு முறை அளந்து பாருங்கள்.