கயிற்றில் பிணைத்த கற்கள்

கனமான கல் வேகமாக விழும், இலேசான கல் மெதுவாக விழும். எடை எத்தனை மடங்கோ வேகமும் அத்தனை மடங்கு! கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் சொல்லிச் சென்றார். ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் ஏடுகள் ஏற்றன, பள்ளிகள் போற்றின. ஐயுற்றோர் சிலர் உண்டு. எனினும் அரியணையில் வீற்றிருந்தது அந்தக் கருத்தே.

இத்தாலி நாட்டுப் பைசா நகரில், 1564-ல், இசைவாணர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் கலிலியோ. மருத்துவம் படிக்கச் சென்றவர், கணிதத்திலே மனத்தைப் பறிகொடுத்தார். 1585-ல் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1589-ல் அதே பல்கலைக் கழகத்திலே கணித ஆசிரியராக நுழைந்தார்!

சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டுக் காட்டினார் என்ற கதை நாம் கேட்டதுதான். அது நடந்ததா என்பதிலே வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம். கோபுரம் ஏறாமலே அவர் தொடுத்த கேள்வியோ அதனினும் கூர்மையானது. பெரிய கல்லையும் சிறிய கல்லையும் கயிற்றால் பிணைத்து விட்டால் என்ன ஆகும்? மெதுவாக விழும் சிறியது பெரியதைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே வேகம் குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எடை கூடுகிறதே. ஆகவே வேகம் கூட வேண்டும்! குறையவும் வேண்டும், கூடவும் வேண்டும் என்றால் அது கொள்கையா, குழப்பமா? தன்னோடு தானே மோதும் கருத்தை வீழ்த்த வேறு எதிரி எதற்கு?

முரண்பாடு பொய்யைக் காட்டிக் கொடுக்கும். முரண்பாடு இல்லை என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. ஆகவே சாய்ந்த பலகையிலே வெண்கலக் குண்டுகளை உருட்டினார்; வடியும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். நேரம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு எனக் கண்டார்.

அவரும் தவறினார். பூமியின் சுழற்சியும் ஓட்டமுமே கடலைப் பொங்கி வடியச் செய்கின்றன என்றார். அந்தக் கணக்குப்படி நாளுக்கு ஒருமுறை பொங்கவேண்டிய கடல், பெரும்பாலான கரைகளில் இருமுறை பொங்கியது! பூமி சுழல்வது மெய். அதற்கு அவர் தந்த அந்தச் சான்று பொய்த்தது. சலுகை அரிஸ்டாட்டிலுக்கும் இல்லை, கலிலியோவுக்கும் இல்லை.

பூமி சுற்றுகிறது என்று வாதாடிய நூலை 1632-ல் வெளியிட்டார். 1633-ல் ரோம் நகரத்து மதமன்றம் அவரை மண்டியிட வைத்து, மறுத்துரைக்கச் செய்து, வீட்டுச் சிறையில் அடைத்தது. அந்தச் சிறையிலிருந்தும் ஒரு நூல் புறப்பட்டது. பிணைத்த கற்களின் கேள்வியைத் தாங்கி, 1638-ல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரிலே அது அச்சேறியபோது ஆசிரியருக்குக் கண்பார்வை இல்லை. 1642-ல் மறைந்தார்.

1971-ல், காற்றில்லாத நிலவிலே, அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன!

யார் சொன்னார் என்று பார்த்துக் கைதட்டுமுன், சொன்னதைக் கயிற்றில் பிணைத்துப் பார்ப்போம் தோழர்களே! நம் கருத்தாயினும் சரியே.