கண்டி மாநகரின் திருத்தூதர்



திருத்தூதர் காலத்துக் கிறிஸ்தவர்கள் நான்கு செல்வங்களைப் பேணினர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் உரைக்கிறது. அவை திருத்தூதரின் போதனை, சகோதர உறவு, அப்பம் பிட்குதல், செபம் என்பனவாம். இவற்றுள் ஒன்று பறிக்கப்பட்டால் விசுவாசம் நிலைக்குமா? இவ்வினாவிற்கு நம் முன்னோர் தம் வாழ்வால் விடையளித்தனர்.

1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், திருப்பலி தடைசெய்யப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் மக்கள் நற்கருணையின்றி வாழ்ந்தனர். எனினும் மூடிய கதவுகளுக்குள் செபமாலை ஓய்ந்துவிடவில்லை.

இச்செய்தி கோவா நாட்டுக் குருவானவர் ஒருவரின் உள்ளத்தை உருக்கியது. அவரே 1651 இல் பெனாவுலிம் ஊரில் பிறந்த புனித யோசப் வாஸ் அடிகளார். 1687 இல் கூலியாள் வேடத்தில், யோவான் என்னும் பணியாளருடன் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அச்செபமாலையைக் கண்டு மலர்ந்த முகங்களே அவருக்குத் தம் மந்தையை அடையாளம் காட்டின. இருளிலே சில்லாலை முதலிய ஊர்களில் மீண்டும் திருப்பலி நிறைவேறியது.

1692 இல் அடிகளார் கண்டி நகருக்குச் சென்றார். போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுற்று, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறைவைத்தான். அவரோ காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார். பின்னர் நாட்டில் கொடிய வறட்சி நேர்ந்தபோது, அடிகளார் சிலுவையின் முன் முழந்தாளிட்டு மன்றாடினார் என்றும், மழை பொழிந்தது என்றும் வரலாறு கூறுகிறது. மன்னன் அவருக்கு மறைபோதகச் சுதந்திரம் அளித்தான். கிறிஸ்தவ ஆட்சியினர் துரத்திய குருவானவருக்குப் பௌத்த மன்னன் அடைக்கலம் தந்தான் என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

1697 இல் கண்டியை வைசூரி நோய் தாக்கியது. நோயுற்றோரை உறவினரே கைவிட்டுக் காடுகளில் விட்டனர். அடிகளார் தம் மருமகன் யோசப் கர்வாலோ அடிகளாருடன் அவர்களைத் தேடிச்சென்று, உணவளித்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். சமயம் கேட்டு அவர் எவரையும் பிரித்தாரில்லை.

குருக்கள் மிகச் சிலரே என்பதால், ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். அவர்கள் செபங்களை வழிநடத்தினர். சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தனர். இவ்வாறு திருத்தூதரின் போதனை இல்லங்கள்தோறும் வேரூன்றியது.

1711 சனவரி 16 இல் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவரது கல்லறை இருந்த இடம் இன்று அறியப்படவில்லை. ஆயினும் 1995 இல் முத்திப்பேறும், 2015 சனவரி 14 இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிசுவால் புனிதர் பட்டமும் பெற்றார்.

அன்புக் குடும்பங்களே, இன்று ஆலயம் அருகில் உண்டு, குருவானவரும் உண்டு, தடுப்பார் எவருமில்லை. ஆயினும் நம் இல்லங்களில் மாலைச் செபம் ஒலிக்கிறதா? தொலைக்காட்சியின் ஓசையில் அது அடங்கிவிட்டதா? அடக்குமுறையால் அணையாத விளக்கு நம் அசட்டையால் அணைந்துவிடக் கூடும். இன்றிரவே குடும்பமாய் முழந்தாளிடுங்கள். பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணத்தை நீங்களே கற்பியுங்கள். அயலில் நோயுற்றிருப்பவரைச் சென்று காணுங்கள்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.